இரண்டு கார்த்திகை

மீனாக்ஷியின் சமையலறை நாட்காட்டியில் அன்று ஐப்பசி இருபத்தொன்பது.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கொல்லையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆட்கள் செங்கல் உடைசலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குளத்தங்கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை செவ்வந்தித் தொட்டியின்மேல் சாய்ந்து கிடந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள்.

"யார் போடச் சொன்னது இதை?"

ஒருவன் தலையை உயர்த்தி மாடியைக் காட்டினான்.

மாடி வராந்தாவில் வீட்டுக்காரி நின்றிருந்தார். வங்காளத்தில் அம்மாவின் சகோதரியை மாஷிமா என்பார்கள். டாலிகஞ்சின் அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவர் மாஷிமா. மீனாக்ஷியின் பெயர் அவர் வாயில் மினாக்கி ஆகியிருந்தது.

"மினாக்கி, மீனை இன்னும் எடுக்கலியா நீ?"

"கார்த்திகை முடியறதுக்குள்ளன்னுதானே சொன்னீங்க மாஷிமா?"

"ஆமா. இன்னிக்குத்தான் முடியுது."

"இன்னும் பிறக்கவே இல்லையே!"

மாஷிமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கைகளாலும் விரித்துக் கீழே காட்டினார். அந்த உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"கார்த்திக் சங்கராந்தி, மாசக் கடைசி. நாளைக்கு அக்ரஹாயண் மாசம். படி."

பாதி சவரத்தோடு வைத்தீஸ்வரன் பின்கதவுக்கு வந்தார். துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. மனைவியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், விஷயம் புரிந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அவங்க ஊர் கார்த்திக் நம்ம ஐப்பசிடி. நீ மாயவரத்துக் கார்த்திகைய நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கே."

"நீங்க ஏங்க முன்னாடியே சொல்லல?"

"எங்க ஆபீஸ்ல நவம்பர்னு சொல்வாங்க."

சில வாரங்களுக்கு முன், லக்ஷ்மி பூஜை அன்று பிரசாதம் கொடுக்க வந்த மாஷிமா வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லியிருந்தார். மகள் மௌமிதாவுக்கு மாக மாதம், நம் தையில், கல்யாணம். சமையலுக்குக் கொல்லை வேண்டும். குளத்தை மூடி, மண் அமுங்கி, மேலே சிமென்ட் போட நாளாகும். ஆகவே கார்த்திக் முடிவதற்குள் மீனையெல்லாம் எடுத்துவிடு. மீனாக்ஷி சரி என்றாள். வாடகை வீடு. வேறென்ன சொல்ல முடியும்? உள்ளே போய் நாட்காட்டியைப் பார்த்தாள். கார்த்திகை முடிய மார்கழி வந்துவிடும். தீபத்தன்று குளத்தைச் சுற்றி ஒருமுறை விளக்கு வைத்துவிட்டு அப்புறம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வங்காளச் சொல் ஒன்று அவளை ஏமாற்றுவது இது முதல் தடவை அல்ல. அந்தக் குளமே அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர்கள் குடிவந்தபோது கொல்லையில் பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு அகலம்; ஓர் ஓரத்தில் இறங்க இரண்டு படி. அடியில் சிமென்ட் பெயர்ந்து போயிருந்தது. உள்ளே பெயின்ட் டப்பாக்களும் ஓர் உடைந்த நாற்காலியும். மீனாக்ஷி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் விட்டாள். மறுநாள் காலையில் தண்ணீர் இல்லை. திரும்ப விட்டாள். திரும்ப இல்லை.

நம் தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்த வாரம் அவள் காளிகாட்டுக்குப் போனாள். அங்கே சிலை செய்கிறவர்களின் சந்தில் மிச்சக் களிமண் குவிந்து கிடந்தது. கங்கையிலிருந்து படகில் வருகிற மண். நான்கு கோணிப்பையில் கட்டி ஆட்டோவில் ஏற்றினாள்.

"ஊர்ல பொம்பளைங்க காளிகாட்டுக்குப் போனா குங்குமம் வாங்கிட்டு வருவாங்க," என்றார் வைத்தீஸ்வரன். "இவ சேத்த வாங்கிட்டு வரா."

ஆனால் சேற்றை மிதிக்க அவரும் இறங்கினார். இருவரும் வேட்டியையும் புடவையையும் தூக்கிச் செருகிக்கொண்டு அடித்தரை முழுவதும் மிதித்தார்கள். மாஷிமா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறை தண்ணீர் நின்றது.

பிறகு மீன். ஒரு கல்யாண வரவேற்புக்குப் போன ஓட்டலில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சிவப்பும் வெள்ளையுமாக ஜப்பான் மீன்கள் நீந்துவதை அவள் பார்த்திருந்தாள். பெயர் கொய் என்று எழுதி வைத்திருந்தார்கள். சைவக் குடும்பம். பிறந்ததிலிருந்து மீன் கடைப் பக்கம் போனதில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சந்தைக்குப் போய் மீன்காரரிடம், உயிரோடு கொய் வேண்டும் என்றாள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். உள்ளே கரிக்கட்டை போல் கிடந்தன.

"கறுப்பா இருக்கே," என்றார் வைத்தீஸ்வரன்.

"குஞ்சுங்க. வளர வளர நெறம் வரும்."

நிறம் வரவில்லை. ஒருநாள் மாஷிமா கீழே இறங்கி வந்து பார்த்தார்.

"கொய்! எப்ப சமைக்கப்போறே?"

"சமைக்க இல்ல மாஷிமா. பாக்க."

மாஷிமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. வங்காளிகளின் கொய் வேறு; கடுகெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிற மீன். வங்காளத்தில் அதைப் பார்ப்பதற்காக யாரும் வாங்கியதில்லை.

"கத்திரிக்காய வாங்கி மடியில வச்சுக் கொஞ்சற மாதிரி இருக்கு, மினாக்கி. மீன் திங்க மாட்டே, மீன் வளப்பே. நல்ல பொம்பளை."

முதல் மழை வந்த அன்று மிச்சமும் தெரிந்தது. செவுளை ஊன்றி ஊன்றி மீன்கள் கரையேறி நடந்தன. ஒன்று துணி துவைக்கும் கல்லுக்கடியில். ஒன்று சந்துச் சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மீனாக்ஷி மழையில் நனைந்தபடி சாப்பாட்டுத் தட்டில் ஏந்தி ஏந்திக் கொண்டுவந்து விட்டாள்.

"பனையேறிக் கெண்டைடி இது," வைத்தீஸ்வரன் குடைக்குள்ளிருந்து கத்தினார். "வாய்க்கால்ல பாத்திருக்கேன். மரம் ஏறும்!"

மாடிப்படியிலிருந்து மாஷிமாவின் குரல் கேட்டது.

"மினாக்கி, உன் மீன் வாடகை கொடுக்க வந்திருக்கு. வந்து வாங்கிட்டுப் போ."

அதற்குப் பிறகு அவள் ஏமாறவில்லை. ஆனி பிறக்கும் முன்பே கரையைச் சுற்றி வலை கட்டினாள், மழை ஓய்ந்ததும் அவிழ்த்தாள். கோடையில் தண்ணீர் பச்சைப்பசேலென்று ஆனது. ஒன்றுக்கு மூன்றாக அல்லிக் கிழங்கு நட்டாள். அடுத்த கோடையில் இலைகள் நிழல் பிடித்துக்கொள்ள, தண்ணீர் தெளிந்தது. புயல் அடித்த சாயங்காலங்களில் விழுகிற மாவிலையை இருட்டுவதற்குள் அரித்து எடுத்தாள். மீனுக்குப் போடும் மண்புழுவைத் தொட முதல் வருடம் கை கூசியது. இரண்டாம் வருடம் பூந்தொட்டியைக் கவிழ்த்து, கைநிறைய எடுத்துக்கொண்டு போனாள். ஓரத்தில் வைத்த வள்ளைக்கீரை தண்ணீர்மேல் படர்ந்தது. மாஷிமாவுக்கு ஒரு கட்டு, பொரியலுக்கு ஒரு கட்டு. பவழமல்லி உதிர்கிற மாதம் மட்டும் அவள் குளத்தை அரிக்க மாட்டாள். காலையில் தண்ணீரே தெரியாமல் பூ கிடக்கும், அடியிலிருந்து ஒரு கறுப்பு மூக்கு பூவை முட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும்.

போன மழைக்காலத்தில் அடுத்த தெருவில் டெங்கு என்று கொசுப்புழு பார்க்கிற பெண்கள் வந்தார்கள். கரண்டியால் மொண்டு மொண்டு பார்த்தார்கள். ஒரு புழு இல்லை. எல்லாவற்றையும் கொய் தின்றிருந்தது. அன்றைக்கு மீனாக்ஷி கேட்காமலே அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இப்போது உடைசல் மூட்டைகளுக்கு நடுவே நின்றாள்.

மாஷிமா கீழே இறங்கி வந்திருந்தார். குரல் தணிந்திருந்தது.

"நான் என்ன செய்வேன் சொல்லு. கேட்டரிங்காரன் அடுப்பு போட எடம் கேக்கறான். மாடியில போட்டாத் தளம் ஒழுகும். ஏற்கெனவே ஒழுகுது."

"தெரியுது மாஷிமா."

"இன்னொரு தடவை ஆளைக் கூப்பிட்டா வண்டிக் கூலி யார் கொடுப்பா?"

"எடுத்துடறேன். அவங்க யாரும் கை வைக்க வேணாம்."

அவள் கெஞ்சவில்லை. உள்ளே போய் இரண்டு வாளியும் வலையும் கொண்டுவந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் குளிர ஆரம்பித்திருந்தது. கால் வைத்ததும் அடிமண் விரல்களுக்கு நடுவே வந்தது. அல்லித்தண்டுகளை ஒதுக்கிவிட்டு வலையை மெல்ல நகர்த்தினாள். முதல் மீன் வந்தது. உள்ளங்கையை விட நீளம். வாங்கும்போது விரல் அளவு.

ஆட்களில் ஒருவன் வாளியை எட்டிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான். அண்ணியை அங்கே பௌதி என்பார்கள்.

"பௌதி, இதுல ரெண்டு கொடுங்க. கூலியே வேணாம்."

மீனாக்ஷி அவனைப் பார்த்த பார்வையில் அவன் போய்த் தன் மூட்டைமேல் உட்கார்ந்தான்.

அப்போதுதான் பிஷிமா வந்தார். மாஷிமாவின் நாத்தனார், மௌமிதாவின் அத்தை. கல்யாணக் காரியங்களைப் பேசி முடிக்க நவத்வீபத்திலிருந்து முந்தின நாள் வந்திருந்தவர். கையில் சங்கு வளையல், வகிட்டில் தடித்த குங்குமம், வாயில் வெற்றிலை. பிறந்த வீட்டுக்குப் பல வருடங்கள் கழித்து வந்ததால் ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது என்ன?"

"சௌபாச்சா," என்றார் மாஷிமா. "பழைய தொட்டி. மூடப்போறோம்."

"புகுர்," என்றாள் மீனாக்ஷி.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னாள். குளம். வீட்டைப் பற்றி மாஷிமா சொன்னதை அதுவரை ஒரு தடவைகூட அவள் மறுத்துப் பேசியதில்லை.

பிஷிமா வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"நீ மதராஸிப் பொண்ணு. உனக்குச் சௌபாச்சாவுக்கும் புகுருக்கும் வித்தியாசம் தெரியுமா? சிமென்ட்ல தண்ணி நின்னா சௌபாச்சா. மண்ணுல நின்னாத்தான் புகுர்."

மீனாக்ஷி குனிந்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டாள். முகவாய் தண்ணீரைத் தொட்டது. கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள். கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பிடி களிமண். முழங்கையில் வழிந்தது.

"அடியில சிமென்ட் இல்ல. நானும் அவரும் மிதிச்சது. காளிகாட்ல சிலை செய்யறவங்ககிட்டேர்ந்து கொண்டுவந்தேன். கங்கை மண்ணு."

பிஷிமா ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். மணந்து பார்த்தார். பிறகு அந்த விரலை நெற்றியில் வைத்தார்.

"மோயினா கல்யாணத்துக்கு ஜலம் எங்கேர்ந்து எடுக்கப்போறே?" மௌமிதாவை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். கேள்வி மாஷிமாவுக்கு.

அங்கே வழக்கம் ஒன்று உண்டு. கல்யாண நாள் விடிவதற்கு முன் சுமங்கலிகள் சங்கு ஊதிக்கொண்டு குளத்துக்குப் போய், கங்கையை அழைத்து, நீர் எடுத்து வருவார்கள். மஞ்சள் பூசிய பெண் அந்த நீரில்தான் குளிக்க வேண்டும்.

மாஷிமா யோசித்தார். "கங்கைக்கு, பாபுகாட்டுப் படித்துறைக்குப் போயிட்டு வரலாம்னு. கார் சொல்லியிருக்கு."

"மாகக் குளிர்ல, பட்டுப் பொடவைய கட்டிக்கிட்டு, கார்ல. சங்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஊதுவியா? டிரைவர் ஹார்ன்னு நெனச்சுக்குவான்."

"வேற எங்கே இருக்கு? குழாயிலதான் எடுக்கணும். எல்லாரும் இப்ப அப்படித்தானே செய்யறாங்க."

"என் கல்யாணத்துக்குச் சந்து முனைப் புகுர்ல எடுத்தாங்க. நேத்து வரும்போது பாத்தேன். அங்கே லிஃப்ட் ஓடுது."

வாளியில் தண்ணீர் சலசலத்தது. ஒரு கொய் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு செவுளை விரித்து ஊன்றி, வாலை உதைத்து, உடைசல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவன் கால்களைத் தூக்கிக்கொண்டான். கரையோரம் வந்து, ஒரு தடவை உருண்டு, தண்ணீருக்குள் விழுந்தது.

"இதுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார் பிஷிமா. "உனக்குத்தான் தெரியல."

மாஷிமா மாடித் தளத்தை அண்ணாந்து பார்த்தார். ஒழுகும் இடம் எது என்று தேடுவதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூட்டைய ஏத்துங்கப்பா," என்றார் ஆட்களிடம். "மேல அடுப்புக்கு அடியில போடறதுக்கு நாலு மட்டும் இருக்கட்டும்." பிறகு மீனாக்ஷியிடம் திரும்பினார். "நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கறே? மீனைத் திரும்ப விடு. கல்யாணத்தன்னிக்குத் தண்ணி கலங்கியிருந்தா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

"கலங்காது," என்றாள் மீனாக்ஷி.

தீபத்தன்று குளத்தைச் சுற்றி அகல் வைத்தாள். மாஷிமா வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காளி பூஜைக்குத்தான் எல்லாரும் ஏத்தியாச்சே. இது என்ன?"

"எங்க கார்த்திகை மாஷிமா."

"உங்க ஊர்ல எல்லாமே ஒரு மாசம் லேட்டா?"

மார்கழி முழுக்க அவளுக்குக் குளமே வேலை. குளிர் ஏற ஏற மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. தீனியைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். தின்னாதது மிதந்தால் தண்ணீர் கெடும். வடக்குப் பக்கம் கோணியைப் பந்தல் போலக் கட்டினாள். பழுத்த அல்லி இலைகளைத் தண்டோடு நறுக்கி எடுத்தாள். கீரையை ஒட்ட அறுத்தாள். குழாய்த் தண்ணீரை நேராக விடாமல், பிடித்துவைத்து ஊறவிட்டு, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். அவள் பயம் ஒன்றுதான். கல்யாணத்தன்று காலையில் ஒரு மீன் செத்து மிதந்தால்?

"பொண்ணு வீட்டுக்காரங்களே இவ்வளவு கவலைப்படல," என்றார் வைத்தீஸ்வரன். ஆனால் காலையில் பல் துலக்கிக்கொண்டே முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் மெதக்கல" என்று சொல்கிறவர் அவர்தான்.

கல்யாண நாள். சந்து முழுக்கப் பனி. மொட்டைமாடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடுகெண்ணெய் வாசனை கொல்லைவரை இறங்கியிருந்தது. செவ்வந்தித் தொட்டிகளை மீனாக்ஷி இரவே கரையைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தாள். சின்ன மஞ்சள் பூ, பெரிய வெள்ளைப் பூ, எல்லாம் அவள் ஆவணியில் கிளை ஒடித்து நட்டவை.

பெண்கள் படியிறங்கி வந்தார்கள். முன்னால் முறம், விளக்கு, பித்தளைக் குடம். சங்கு ஊதியது. மீனாக்ஷி பின்கதவில் நின்றிருந்தாள். அரக்குப் பட்டு, தலையில் ஈரத் துண்டு.

"மினாக்கி எங்கே?" பிஷிமாவின் குரல். "குளத்துக்காரி இல்லாம யார் எறங்கறது? குடத்தை அவ கையில கொடு."

குடம் கை மாறி வந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தின் மேல்படியில் இறங்கினாள். கோணியை அவள் ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தாள். விளக்கு வெளிச்சம் தண்ணீரில் இறங்கி அடிமண்வரை போயிற்று. பின்னாலிருந்து பெண்கள் உலு எழுப்பினார்கள். நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த ஒலியை இத்தனை வருடம் கேட்டிருக்கிறாள், சேர்ந்ததில்லை. இப்போது தொண்டையிலிருந்து தானாக வந்தது. மாயவரத்துக் குலவை. அவர்களுடையதைவிட நீளம், அவர்களுடையதைவிடக் கூர்மை. ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மூச்சு தீரும்வரை எழுப்பிவிட்டுக் குடத்தை அமிழ்த்தினாள்.

குடம் நிறைந்தது. மேலே ஒரு பாசி இலை மட்டும் மிதந்தது. யாரோ அதை எடுக்கக் கை நீட்டினார்கள்.

"இருக்கட்டும்," என்றார் பிஷிமா. "குளத்துத் தண்ணின்னு தெரிய வேணாமா?"

குடம் மாடிக்குப் போயிற்று. சங்கும் உலுவும் அதன் பின்னாலேயே போயின. வராந்தாவில் யாரோ மௌமிதாவை எழுப்பும் சத்தம். மீனாக்ஷி கரையில் நின்றிருந்தாள். புடவையின் சரிகை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிழியவில்லை.

மாஷிமா மட்டும் போகவில்லை. ஒரு செவ்வந்தித் தொட்டியை நகர்த்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். அடியில் சேற்றோடு சேறாகக் கறுப்பாக ஏதோ கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது லேசாக வாலை அசைத்தது.

"மினாக்கி, இதுங்க எப்ப மேல வரும், எப்பலேர்ந்து தீனி போடலாம்? உன் மாசத்துல சொல்லாதே, என் மாசத்துல சொல்லு."